முற்றத்தில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

மாத்தளையில் ஒரு வீட்டு வளவில் இரவு விருந்து என்றால் இப்போது பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். கதிரை, மேசை, தகரப் பந்தல் கொண்டுவருபவரே நான்கு பெரிய எல்.ஈ.டி. ஃபிளட் லைட்டுகளையும் கொண்டுவருவார். வளவின் நான்கு மூலையிலும் உயரத்தில் கட்டி உள்பக்கமாகத் திருப்பிவிடுவார். சுவிட்சைப் போட்டதும் வளவு பகலாகிவிடும். அங்கே பந்து விளையாடலாம். ஆனால் எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேச முடியாது. ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார். மற்றவரின் முகம், முதுகுப் பக்கமிருந்து வரும் வெளிச்சத்தில் கறுத்துக் கிடக்கும். சாப்பாடு முடிந்த கையோடு பெரியவர்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். வெளியே பூச்சிகளும் பையன்களும்தான் மிச்சம்.

காணி, காணாமல் போனோர், சம்பளம் என்று எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில் தோட்ட விருந்துக்கு விளக்குக் கட்டுவதைப் பற்றி எழுதுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முற்றங்களுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். மாத்தளைத் தோட்டங்களில் வேர் கொண்ட குடும்பங்கள் பல 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறின. போன இடத்தில் போரும் வந்தது. 2009 வரை அதற்குள் இருந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் இன்று ஏ9 வீதியால் பஸ் ஏறி, மாமா வீட்டுக் கல்யாணத்துக்கும் தங்கச்சி மகளின் சாமத்தியச் சடங்குக்கும் இங்கே வருகிறார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அதே ஏ9தான் மாத்தளை நகரை ஊடறுத்துப் போகிறது. அவர்களில் பலருக்கு, இரவில் மேலிருந்து விழும் வெள்ளை வெளிச்சம் வெறும் வெளிச்சம் அல்ல.

மேலிருந்து வந்தது

பரா லைட் என்றால் வன்னியில் வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இரவு வானத்தில் மெதுவாக இறங்கும் அந்த வெளிச்சத்தில் மரத்தின் ஒவ்வொரு இலையும் தெரியும், ஓடுகிற ஆளும் தெரிவார். அதன் பிறகு என்ன வரும் என்பதும் தெரிந்திருந்தது. போர் முடிந்த பின் முகாம் வேலிகளில் எரிந்த விளக்குகள் இருந்தன. அவை உள்ளே இருப்பவர்கள் பார்ப்பதற்காக எரியவில்லை, அவர்களைப் பார்ப்பதற்காக எரிந்தன.

சிறு விளக்குக்கும் இதே கதைதான். நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில் வாசலில் ஒரு தீபம் எரிந்தால் அது யாருக்காக என்று கேள்வி வந்தது. திருக்கார்த்திகையும் அந்த நாளும் ஒட்டி வந்த 2012இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிக்குள் இராணுவம் புகுந்ததும், மறுநாள் எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள் தாக்கப்பட்டதும் விளக்கு ஏற்றியதில் தொடங்கியதுதான். மாத்தளையில் அந்த அளவு நெருக்கடி இருக்கவில்லை. ஆனால் 1983 ஜூலையில் இந்த நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்த அம்மாயிகள் இன்னும் இருக்கிறார்கள்.

எனவே விருந்து வைப்பவருக்கு முதல் ஆலோசனை, வருகிறவர்களை மனதில் வைத்து விளக்கைத் தெரிவு செய்யுங்கள். போருக்குள் இருந்த எல்லோரும் வெளிச்சத்தைக் கண்டு கலங்குவதில்லை. சிலருக்கு இருட்டுத்தான் ஆகாது. வன்னியிலிருந்து வரும் சித்தியிடம் இரவு எங்கே உட்கார வசதி என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொதுவாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டி.ஜே.காரர்கள் கொண்டுவரும், வெட்டி வெட்டி எரியும் லைட்டுகள் வேண்டாம். தலைக்கு மேலே திடீரென்று ஒளிரும் எதுவும் வேண்டாம். வாணவேடிக்கை இருந்தால் நேரத்தைச் சொல்லி வையுங்கள், கேக் வெட்டும்போது ஆச்சரியமாக வெடிக்க வேண்டியதில்லை. கேக்குக்காக எல்லா லைட்டையும் ஒரேயடியாக அணைக்கும் வழக்கத்தையும் விடலாம். நான்கில் மூன்றை அணைத்தாலே மெழுகுதிரி தெரியும்.

தோட்டத்து இரவுகள்

வெளிச்சத்தைக் கொண்டு ஒரு கூட்டத்தை நடத்துவது மலையகத்துக்குப் புதிது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் கோப்பித் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடையை நினைத்துத்தான் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. நடந்து வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்தவற்றில் காமன் கூத்தும் ஒன்று.

மாசி மாத அமாவாசைக்குப் பின் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். நாட்கணக்கில் நடக்கும் கூத்து, பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமனை எரிப்பதோடு முடியும். இதை விளக்கு அமைப்பவரின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஆட்டக்காரருக்குப் பக்கத்தில், முகத்தின் உயரத்தில் தீப்பந்தம். அவர் நகர்ந்தால் பந்தமும் நகரும். பார்ப்பவர்கள் இருட்டில், நிலவின் கீழ் இருப்பார்கள். எதைப் பார்க்க வேண்டுமோ அதில் மட்டும் வெளிச்சம். மற்றதெல்லாம் நிலவின் பொறுப்பு. ரதியும் மதனும் வரும்போது வயதானவர்களும் கண் மூடாமல் விடியும் வரை உட்கார்ந்திருந்ததில் தப்பின் ஓசைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த இருட்டுக்கும் உண்டு. பிறகு பெற்றோமக்ஸ் வந்தது, அதன் பின் ரியூப் லைட்டும் ஃபிளட் லைட்டும் வந்தன. இப்போது ஆட்டக்காரரையும் பார்ப்பவரையும் பக்கத்துக் கடலைக் கடையையும் ஒரே வெளிச்சத்தில் பார்க்கிறோம். வசதிதான். ஆனால் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை.

நகரத்துக்குள் முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியும் மாசி மகத்தை ஒட்டியே வருகிறது. ஐந்து தேர்கள் வீதிக்கு வரும் அந்த நாட்களில் கடைத்தெரு முழுக்க மின்குமிழ்ச் சரங்கள் தொங்கும். மே மாதம் வந்தால் அதே வீதியில் வெசாக் கூடுகள். வெசாக் கூட்டைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது. மூங்கில் ஈர்க்கில் கட்டி, மெல்லிய தாள் ஒட்டி, உள்ளே ஒரு சிறு விளக்கு. குமிழ் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாள்தான் ஒளிர்கிறது. கண் கூசாத வெளிச்சத்தின் இரகசியம் இவ்வளவுதான்: வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், குமிழைப் பார்க்கக் கூடாது. விருந்துக்கு இதே வேலையை ஒரு வெள்ளைத் துணியும், ஓலைப் பெட்டியும், கவிழ்த்துவைத்த மீன் கூடையும் செய்யும்.

ஜாம் போத்தலின் பாடம்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் கிடைப்பது அரிதாகி, கிடைத்தால் யானை விலையாகியது. அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், ஒரு சிறு குழாய் வழியாக நூலளவு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றில் அணையாது. ஒரு தலைமுறை இந்த வெளிச்சத்தில்தான் சாதாரணதரமும் உயர்தரமும் எழுதியது. குப்பி விளக்கின் கதை மலையகத்து லயங்களில் இதைவிட நீளம், அங்கே அதற்குப் போர் தேவைப்படவில்லை.

இல்லாமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. புகை குடித்துப் படித்தவர்களிடம் அந்த விளக்கு அழகு என்று சொன்னால் அடிக்க வருவார்கள், வரவும் வேண்டும். நான் சொல்வது வேறு. சிறிய வெளிச்சத்தை எங்கே வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்ற அறிவு எங்கள் வீடுகளில் ஏற்கனவே இருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டில் யாழ்ப்பாணத்து வீடுகள் செய்வதும் அதைத்தான். படலையில் வாழைக்குற்றி நட்டு அதன்மேல் ஒரு விளக்கு, கிணற்றடியில் ஒரு பந்தம், மாட்டுக் கொட்டிலடியில் ஒன்று, எருக்கும்பத்தடியில் ஒன்று. வளவின் எல்லைகளில் சிறு வெளிச்சங்கள் நிற்கும்போது நடுவில் இருக்கும் இருட்டுப் பயமாக இருப்பதில்லை. வளவு எதுவரை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதும் இதுவே: நடுவை நிரப்பாதே, ஓரங்களைக் காட்டு.

குமிழ், நிறம், உயரம்

கடையில் எல்.ஈ.டி. குமிழ் கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது நீலம் கலந்த வெள்ளை. பெட்டியில் 'டே லைட்' என்றும் 6500 கெல்வின் என்றும் போட்டிருக்கும். அது மத்தியான வெயிலின் நிறம். இரவு விருந்துக்கு வேண்டியது 'வோர்ம் வைட்', 2700 கெல்வின். பழைய மஞ்சள் குமிழின் நிறம் அது. மெழுகுதிரிச் சுடர் இன்னும் கீழே, 1900 அளவில். எண் குறையக் குறைய வெளிச்சம் தீயின் நிறத்துக்கு நெருங்கும், தோலின் நிறமும் சாப்பாட்டின் நிறமும் நன்றாகத் தெரியும். 6500இன் கீழ் கோழிக் கறியும் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தால்கூட முற்றம் மாறிவிடும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது அளவு. பௌர்ணமி நிலவு தரையில் தருவது ஏறத்தாழ கால் லக்ஸ். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பார்கள். அந்தப் பெரிய இடைவெளிக்குள் எங்கேயும் மனிதக் கண் வேலை செய்யும், ஆனால் இருட்டுக்கு முழுதாகப் பழக அதற்கு இருபது முதல் முப்பது நிமிடம் தேவை. ஒரே ஒரு கூசும் லைட் கண்ணில் பட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ஃபிளட் லைட்டைப் போட்டபின் அது எட்டாத இடம் முன்பைவிட இருட்டாகத் தெரிவது இதனால்தான். அதிக வெளிச்சம் அதிக இருட்டையும் கூடவே கொண்டுவருகிறது.

நூறு வாட் ஃபிளட் லைட் நான்கு என்றால் 400 வாட். ஐந்து மணித்தியாலத்துக்கு இரண்டு யூனிட். அதற்குப் பதில் 3 வாட் மஞ்சள் குமிழ் பத்து எடுத்தால் மொத்தம் 30 வாட், அதே ஐந்து மணித்தியாலத்துக்கு 0.15 யூனிட். இந்தப் பத்தையும் எங்கே வைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

மாத்தளை நிலம் சமதரை அல்ல. வீடு ஒரு படியில், முற்றம் இன்னொரு படியில், சமையல் கொட்டகை அதற்கும் கீழே. எனவே முதல் குமிழ்கள் படிக்கட்டுக்கும் பாதைக்கும். முழங்கால் உயரத்தில், தரையைப் பார்க்கும்படி. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் ஒரு கல்லின் நிழலும் நீளமாகத் தெரியும். பாம்பு கிடந்தாலும் தெரியும். மேலேயிருந்து அடிக்கும் லைட்டில் நடப்பவரின் சொந்த நிழலே படியை மறைத்துவிடும். மலசலகூடத்துக்குப் போகும் வழியை எல்லோரும் மறப்பார்கள், நீங்கள் மறக்காதீர்கள். குறிப்பாகப் பெண்கள் இரவில் வெளியே தங்குவதும் தங்காததும் அந்த வழியைப் பொறுத்தது. அங்கு மட்டும் வெளிச்சம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், உள்ளேயும்தான்.

சமையல் இடத்துக்குப் பிரகாசமான வெளிச்சம் வேண்டும். கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் மனநிலை பார்க்க முடியாது. அங்கே வெள்ளைக் குமிழே இருக்கட்டும், விருந்தினர் பக்கம் தகரமோ கிடுகோ வைத்து மறைத்துவிடுங்கள்.

மேசைகளுக்கு மேலே தொங்கும் குமிழ் வேண்டாம். மேசையிலேயே, முகத்துக்குச் சற்றுக் கீழே சிறு விளக்கு வையுங்கள். கீழிருந்து நேரே அடித்தால் முகம் பேய் போலாகும், பக்கவாட்டில் வைத்தால் சரியாகிவிடும். சரவிளக்கு கட்டுவதானால் தரையிலிருந்து இரண்டரை, மூன்று மீற்றர் உயரம் போதும். தலை தட்டாது, முகத்திலும் வெளிச்சம் விழும்.

மிச்சமிருக்கும் இரண்டு குமிழ்களை மரங்களுக்குக் கொடுங்கள். மாத்தளை வளவுகளில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பலா, கமுகு, கித்துள், மிளகுக்கொடி ஏறிய முண்டு மரம். கமுகின் அடியில் ஒரு மஞ்சள் குமிழை மேல்நோக்கி வைத்தால் அந்த வெளிறிய தண்டு தானே ஒரு விளக்குத் தூணாகிவிடும். மிளகுக்கொடியின் இலைகள் பளபளப்பானவை, சிறிய வெளிச்சத்தையும் திருப்பித் தரும். பந்தலுக்கு வெளியே பத்து மீற்றரில் ஒரு மரம் இப்படி மெல்லத் தெரிந்தால் இடம் பெரிதாகிவிட்டதுபோல இருக்கும். ஒரே ஒரு மரம். எல்லா மரத்துக்கும் பச்சை, சிவப்பு, ஊதா என்று அடிப்பது ஹோட்டல் வேலை.

ஹோட்டல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த கண்டலம ஹோட்டல் இதே மாவட்டத்தில், தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டும்போது குளத்துக்கும் சூழலுக்கும் கேடு என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்த வாதத்தை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் அதன் வாசலில் பாவா செய்ததைக் கவனிக்கலாம். வருபவர் முதலில் குகை போன்ற ஒரு மங்கலான வழிக்குள் நுழைகிறார். அதன் முடிவில் திடீரென்று குளமும் தூரத்தில் சிகிரியாவும் விரிகின்றன. முன்னால் இருட்டு இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் வெளிச்சமே அல்ல. வீட்டு விருந்திலும் வாசலை மங்கலாக வைத்து உள்முற்றத்தைச் சற்று பிரகாசமாக்கலாம், செலவே இல்லை. இந்த ஹோட்டல்களில் மேசை விளக்கு ஏற்றுபவர்களில் எங்கள் பையன்களும் உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரையைவிட அவரிடம் கேட்பது நல்லது.

பூச்சி, குளவி, மழை

முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் இரவில் எந்தச் சரவிளக்கும் தோற்றுவிடும். பூச்சிகளை இழுப்பது பெரும்பாலும் நீலமும் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரும் கலந்த வெளிச்சம். மஞ்சள் குமிழுக்கும் வரும், ஆனால் குறைவாக. வளவின் கடைக்கோடியில், சாப்பாட்டு மேசைக்கு எதிர்த்திசையில் ஒரு வெள்ளைக் குமிழைத் தனியே எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும். கீழே ஒரு தாச்சியில் தண்ணீர் வைப்பது பழைய முறை.

குளவி விளையாட்டு அல்ல. சிகிரியாவில் எச்சரிக்கைப் பலகை வைக்கும் அளவுக்கு இந்த மாவட்டத்தில் மலைத்தேனீ உண்டு. அவை நிலவிலும் பறக்கும், பிரகாசமான வெளிச்சத்துக்கும் வரும். பலா மரத்திலோ பாறையிலோ கூடு இருந்தால் அந்தப் பக்கம் லைட்டைத் திருப்பாதீர்கள், அந்த மரத்தடியில் சரமும் கட்டாதீர்கள்.

ரத்தோட்டை, லக்கலைப் பக்கத்து ஓடைக்கரைகளில் மின்மினி தெரியும் இடங்கள் இன்னும் உண்டு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே அந்த மினுக்கலால். வெளிச்சம் கூடினால் அது கெட்டுவிடும். பிள்ளைகளுக்கு மின்மினி காட்ட ஆசைப்பட்டால் பத்து நிமிடம் எல்லாவற்றையும் அணைக்கலாம். முதலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு.

நிலவையும் கணக்கில் எடுக்கலாம். பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின் திகதி வைத்தால் பாதி விளக்கு மிச்சம். சரியாகப் போயா தினத்திலேயே வைத்தால் விடுமுறையும் கிடைக்கும், ஆனால் அன்று மதுக்கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு. இறைச்சியை முதல் நாளே வாங்கி வைப்பவர்கள் வாங்கி வைப்பார்கள், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வயரும் தீயும்

லயன்கள் எரிந்த செய்தியை நாம் வருடந்தோறும் வாசிக்கிறோம். மின்னொழுக்கு என்று ஒரு வரியில் முடியும். மண்சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே பழைய வயர், அதில் திருவிழாவுக்கு இன்னொரு இணைப்பு, அதில் விருந்துக்கு இன்னொன்று. கம்பத்து லைனில் கொக்கி போட்டு இழுப்பதை எந்த விருந்துக்காகவும் செய்யாதீர்கள். சட்டம் இருக்கட்டும், ஈரப் புல்லில் 230 வோல்ட் யாரையும் விசாரிக்காது.

வீட்டில் ட்ரிப் ஸ்விட்ச் இருந்தால் விருந்துக்கு முதல் நாள் அதிலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் வெளியே லைட் கட்டாதீர்கள், மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். இணைப்புகளைத் தரையில் விடாமல் உயரத்தில் கட்டுங்கள். இணைப்புக்கு முன்னால் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஓடாது. பிளக்குக்கு மேல் பிளாஸ்டிக் போத்தல் கவிழ்ப்பது தூறலுக்குத் தாங்கும், மாத்தளை ஐப்பசி மழைக்குத் தாங்காது.

இதையெல்லாம் விடப் பாதுகாப்பானது 12 வோல்ட். ஒரு 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரியில் 10 வாட் எல்.ஈ.டி. பட்டியை நான்கு மணித்தியாலம் பற்றரிக்குக் கெடுதல் இல்லாமல் எரிக்கலாம். பிள்ளைகள் தொட்டாலும் மின்சாரம் தாக்காது. இரண்டு முனையும் ஒன்றோடொன்று தொட்டால் தீப்பொறி வரும் என்பதால் ஒரு ஃபியூஸ் அவசியம். பகலில் வெயில் பட்டு இரவில் எரியும் சிறு சோலார் விளக்குகள் பாதைக்கு நல்லவை. மூடுபனி நாளில் அவற்றை நம்ப முடியாது.

கரண்ட் போகும். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. ஜெனரேட்டர் இருந்தாலும் அது உயிர் பெறும் வரை சில விநாடி முழு இருட்டு, பிறகு திடீர்ச் சத்தம், திடீர் வெளிச்சம். போரைக் கண்டவர்கள் நிறைந்த முற்றத்தில் அந்தச் சில விநாடிகளுக்காகவே ஐந்தாறு தீபங்களை ஆரம்பத்திலிருந்தே எரியவிட வேண்டும். ஜெனரேட்டரை வீட்டின் மறுபக்கம், ஜன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகையும் ஆளைக் கொல்லும்.

தீபம் வைப்பதிலும் முறை இருக்கிறது. மண்ணெண்ணெய் போத்தல் விளக்கு கவிழ்ந்து வெந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இந்த நாட்டிலேயே ஒரு பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். 'சுதீப' என்று பெயர். மார்மைட் போத்தலின் வடிவத்திலிருந்து அந்த யோசனை வந்தது: குட்டை, கனம், உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அழகுக்காக உயரமான, மெலிந்த போத்தல்களில் விளக்கு வைக்க நினைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்து மேசைக்கு மண்ணெண்ணெயே வேண்டாம். அகன்ற கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர், மேலே ஒரு விரல் தேங்காயெண்ணெய், அதில் மிதக்கும் திரி. எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானே அணையும். கவிழ்ந்தாலும் பெரும்பகுதி தண்ணீர்தான். மெழுகுதிரியானால் போத்தலின் அடியில் மணல் போடுங்கள். பந்தலின் துணியும் சேலைத் தலைப்பும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சோதித்துப் பார்க்க முதல் நாள் இரவு ஏழரைக்குப் பின் ஒரு தடவை எல்லாவற்றையும் எரியவிடுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்துத் தீர்மானிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு கதிரையிலும் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கதிரையிலிருந்து குமிழ் நேரே கண்ணில் படுகிறதோ அந்தக் குமிழைத் திருப்புங்கள், மறையுங்கள், அல்லது கழற்றுங்கள். வழக்கமாகக் கழற்றுவதுதான் சரியாக வரும்.

விருந்தன்று பொழுது சாயும் முன்பே, வானத்தில் கொஞ்சம் நீலம் இருக்கும்போதே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். இருட்டிய பின் திடீரென்று போடுவதைவிட, வெளிச்சம் இருக்கும்போதே கண்ணுக்குப் பழகட்டும். முடியும்போது சரங்களை முதலில் அணையுங்கள், மரத்தடி விளக்கு அடுத்தது, பிறகு மேசைத் தீபங்கள். பாத்திரம் கழுவும் இடத்து லைட்டை, கழுவுகிற பெண்கள் போதும் என்று சொல்லும் வரை விடுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு இரவு தங்குகிறவர்களுக்குப் பாய் விரித்த பின்னும் படிக்கட்டு விளக்கும் மலசலகூட விளக்கும் விடியும் வரை எரியட்டும்.